பதினேழாம் வரி

கோபாலபுரம் தாண்டி மீனாட்சிபுரம்.
சோதனைச்சாவடியில் மணி ஒன்று இருபது.
பதினொரு பால் டேங்கர் சாலையில் நிற்கிறது.
என் திரையும் வெள்ளையாக நிற்கிறது.

பரிசோதனை அறையில் ஜிஷா
கொழுப்பு, அமிலம், யூரியா எல்லாம் பார்த்து
முடிவுகளை எப்போதோ ஏற்றிவிட்டாள்.
சர்வரைக் கேட்டால் இருநூறு என்கிறது:
கேட்டதைக் கொடுத்தாயிற்று, இனி என் பொறுப்பில்லை.
பிரவுசரைக் கேட்டால்
வரி பதினேழு, எழுத்து நாற்பத்தொன்று.
அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் வழக்கு மாதிரிதான்.
சீர் கொடுத்தோம் என்பார்கள் இவர்கள்,
தட்டுதான் வந்தது என்பார்கள் அவர்கள்.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது
நடுவில் மாட்டியவளுக்கு
விடியும்போதுதான் தெரியும்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
கேஷை அழித்தேன்.
கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல்
ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று
நகத்தால் சுரண்டாத குறை.
பிறகு, சொல்ல வெட்கம்தான்,
மலையாள எழுத்துகளைச் சந்தேகப்பட்டேன்.
அதே நேரம் ஜிஷா
தமிழ் எழுத்துகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.
இரண்டும் ஒரே பாயில்
சுத்தமாகத்தான் படுத்திருந்தன.

ஆறுச்சாமி ஜன்னலைத் தட்டினார்:
"அம்மிணி, நாலு டிகிரி ஏழாச்சு.
பத்தாச்சுன்னா பால் டெய்ரிக்கில்லீங்க, சாக்கடைக்கு."

எக்ஸ்எம்எல்லுக்கு இரக்கம் கிடையாது.
வேறு பக்கமாக இருந்தால்
விட்டுப்போன ஒட்டைப் பிரவுசரே யூகித்துப் போட்டுக்கொள்ளும்.
இங்கே ஒரு குறி பிசகினால்
முன்னால் வந்த பதினாறு வரியும் செல்லாது.
ஒரு வண்டியின் பிழைக்குப்
பதினொரு வண்டிக்கும் கதவடைப்பு.

கோப்பைப் பச்சையாகத் திறந்து
விரல் வைத்து எண்ணினேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.
முப்பத்தொன்பது, நாற்பது,

&

பாவாத்தாள் & மகள், சமத்தூர்.

அந்தக் குறியைக் கண்டால் பார்சர்
ஒரு பெயர் வரப்போகிறதென்று கை நீட்டும்.
வந்தது வெறும் இடைவெளி.
நீட்டிய கை நீட்டியபடி நின்றுவிட்டது.

"அதங்ஙு களஞ்ஞேக்கு சேச்சீ" என்றாள் ஜிஷா.
"அதில்லெங்கிலும் பாலு பாலல்லே."

அழிக்கும் பொத்தானில் விரல் வைத்துவிட்டேன்.
ஒரு தட்டுத்தான்.
ஆனால் எடுத்துவிட்டு வாசித்தால்
பாவாத்தாள் மகள் என்றல்லவா ஆகிறது!
இரண்டு பேர் ஒருத்தியாகி,
தாய்க்காரி வெறும் அடையாளமாகி.

வெளியே போய் வண்டியைப் பார்த்தேன்.
போன வாரம்வரை பாவாத்தாள் பால் பண்ணை.
நேற்றுதான் மகளைப் பங்குக்குச் சேர்த்ததாம்.
மருமகனையா, மருமகனையா என்று
பத்திரம் எழுதுகிறவர் இரண்டு தடவை கேட்டாராம்.
டேங்கரின் வயிற்றில் நீல எழுத்து இன்னும் காயவில்லை.
அந்தக் குறிக்கு மட்டும் பெயிண்டர்
ஒரு சுருள் கூடுதலாகவே போட்டிருந்தார்.
என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்து
சர்வரில், பெயர்களை எழுதும் இடத்தில்
ஒரு வரி சேர்த்தேன்:
இந்தக் குறி எங்கே வந்தாலும்
அதையொட்டி ஏ, எம், பி, ஓர் அரைப்புள்ளி.
மூன்று வருஷத்துக்கு முன்பே சேர்த்திருக்க வேண்டியது.
அன்றைக்கு எழுதியவளும் நான்தான்.
யாரைத் திட்டுவது?

இரண்டு ஐம்பத்தைந்து.
ரிஃப்ரெஷ் பொத்தானில் ஒரு நீலக் கறை.
வரிசை வரிசையாக இறங்கியது,
பத்து பச்சை, ஒன்று சிவப்பு.
அது நிஜமாகவே தண்ணீர் கலந்த பால்,
வேறு யாருடையதோ.

கட்டை எழுந்தது.
ஒன்பது டிகிரியோடு ஆறுச்சாமி
ஹாரன்கூட அடிக்காமல் போனார்.

ஜிஷா பதிவேட்டை எடுத்தாள்.
தாமதம்: ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக் கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு அந்த ஒற்றைக் குறியை,
சுருளோடு, எழுதினாள்.