வெறும் வண்டியின் எடை

எண்ணூர் விரைவுச் சாலை எடைமேடையில்
பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன், ஆண்டவரே.
அந்த வேலைக்கு நான் செய்த நவநாள் உமக்கு நினைவிருக்கும்.

லாரி இரண்டு தடவை மேடை ஏறும்.
வெறுமையாய் ஒரு தடவை, சுமையோடு ஒரு தடவை.
பெரியதில் சிறியதைக் கழித்தால் சரக்கு.
டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தால்
ஜன்னல் வழியே கை காட்டி இறக்குவேன்.
எண்பது கிலோ ஆள்
எண்பது கிலோ பொய்.

கல்லறைத் திருநாள் கழிந்த வாரம், அடைமழை.
நாலு டன் நிலக்கரி காகிதத்தில் மட்டும் வந்து சேர்ந்தது.
நான் கையெழுத்துப் போடவில்லை.
ஆனாலும் சீட்டின் அடியில்
'செ. பெர்னதெத்'
நான் எழுதுவதைவிட அழகாக.

விசாரணை அரை மணி நேரம்.
"இவங்க எழுதினத நான் பாத்தேன் சார்"
என்றார் தனிஸ்லாஸ் அண்ணன்.
என் மகளின் ஞானத்தகப்பன்.
அவள் திருமுழுக்கில் மெழுகுவர்த்தியைக்
காற்றுக்கு மறைத்துப் பிடித்திருந்த
அதே கை மேசைமேல் இருந்தது.

எல்லாம் நன்மைக்கே என்றார்கள் அன்பியத்தில்.
ஐந்து கிலோ அரிசியும் கொடுத்தார்கள்.
அரிசி சரியான எடை.

நான் அமைதியாக இருந்தேன் என்றால் அது கள்ள எடை.
செவ்வாய்க்கிழமை ஜெபமாலையில்
முள்முடியோடு நின்றுவிடுவேன்,
அடுத்த மணிக்கு விரல் நகராது.
தொழிலாளர் நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு மேல் வாய்தா.
சிறையில் யோசேப்பை இரண்டு வருஷம் மறந்துவிட்டதை
பிரசங்கத்தில் ஒரே வாக்கியத்தில் கடந்துபோனார் ஃபாதர்.
அந்த வாக்கியத்துக்குள்தான் நான் குடியிருக்கிறேன்.

இப்போது காசிமேட்டில் ஐஸ் கணக்கு.
விடியற்காலை மூன்று மணி, பாதிச் சம்பளம்.
பாளம் பாளமாய்ப் படகுக்குப் போகும்,
போகும் வழியெல்லாம் சொட்டும்.
போய்ச் சேரும்போது குறைந்திருக்கும்.
யாரும் யாரையும் திருடி என்பதில்லை.
அங்கே நின்றுதான், கால் மரத்துப்போய்,
திடீரென்று சிரித்தேன் ஒரு நாள்:
முதலில் வெறும் வண்டியைத்தானே நிறுக்க வேண்டும்?
இறக்க வேண்டியதெல்லாம் இறக்கியாயிற்று.
மேடையில் நிற்கிறேன்.
உம் முள் எங்கே நிற்கிறதென்று
இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.
உமக்குத் தெரிகிறதல்லவா,
எழுதிக்கொள்ளும்.

போன ஞாயிறு, இரண்டாம் பூசை.
முன்வரிசையில் தனிஸ்லாஸ் அண்ணன்.
'ஒருவருக்கொருவர் சமாதானம் அறிவித்துக்கொள்வோம்' என்றதும்
எல்லாப் பக்கமும் கும்பிட்டுவிட்டுக்
கடைசியாகத் திரும்பினார்.
கண்ணை உயர்த்தவில்லை.
மகள் முதலில் கும்பிட்டாள்.

என் கையும் எழுந்தது, ஆண்டவரே.
மனசுதான் இன்னும் பின்னால்,
துறைமுக வாசலுக்கு வெளியே
ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும் டிரெய்லர்போல
ஒரு அடி, நிறுத்தம், ஒரு அடி.
வந்துவிடும்.
அதுவரை
மேடை விளக்கை அணைத்துவிடாதேயும்.