நான்கு நட்சத்திரம்

கொடியை மிதிக்கக் கூடாது, நனையவிடக் கூடாது.
அஞ்சல்தலையில் மட்டும்
அதன் முதுகை நாக்கால் தடவலாம்,
முகத்தில் முத்திரை குத்தலாம்.
ஞாயிறுதோறும் நானும்
ஐஸ்கிரீம் டப்பாத் தண்ணீரில்
கொடிகளை ஊறப்போடுகிறேன்.
பசை விட்டதும் சாமணத்தால் எடுத்து
நேற்றைய செய்தித்தாளில் குப்புற உலர்த்துகிறேன்.

பிராஸ் பாசாவில் கடை வைத்திருக்கும் சியோங்
முத்திரை படாததுதான் விலை போகும் என்பார்.
போகட்டும்.
எங்கும் போகாத கொடி எனக்கெதற்கு?

சென்ற ஆகஸ்டில்
புளோக் 417க்கு வந்த கடிதம்
எங்கள் பெட்டியில் விழுந்திருந்தது.
கையால் எழுதிய முகவரி.
பிறையும் ஐந்து நட்சத்திரமும்
கடுகைவிடச் சிறிதாய்.
முத்திரை விளிம்பைத் தொட்டு ஒதுங்கியிருந்தது.
ஓர் இரவு முழுக்க
அது என் மேசையில் இருந்தது.
அதற்குமேல் சொல்லமாட்டேன்.

மறுநாள் மின்தூக்கி பழுது. ஒன்பது மாடி ஏறினேன்.
தாழ்வாரம் நெடுகக் கொடிகள், ஒன்று தலைகீழாக.
ஸலேஹா மாக்சிக் உறையைப் பார்த்ததும்
கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை.
என் கண் போன இடத்தைக் கவனித்தவர்
இதுவா வேண்டும் என்று மலாயில் கேட்டு,
மீன் செதில் ஒட்டிய கத்தரிக்கோலால்
நான் ஐயோ மெல்ல என்பதற்குள்
நறுக்கித் தந்துவிட்டார்.

சியோங் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.
ஐந்து காசு பெறாதாம்.

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.
எண்ணினால் நான்கு.

ஐந்தாவது
ஒன்பதாம் மாடியில்
அந்த உறையிலேயே இருக்கிறது,
கடிதத்தோடு.