மேல் எல்லை

ஆரம்பாக்கத்தில் ஏறினால்
தடாவில் இறங்குவதற்குள்
கடைப் பலகைகளின் எழுத்து
உருண்டு தெலுங்காகிவிடும்.
எல்லை அதுதான் என்கிறார்கள்.
செல்போன் ஒருமுறை அதிர்ந்து
ஆந்திரத்துக்கு வரவேற்கும்.

என்னுடைய எல்லைகள் வேறு.
கீழே 2.40, மேலே 2.60.
குக்கர் கேஸ்கெட்டின் தடிமன், மில்லிமீட்டரில்.
மூன்று மாதம், நாற்பத்தோராயிரம் வளையங்கள்.
ஒன்றையும் நான் தொட்டதில்லை.

படம் போட்டுப் பார்த்தேன்.
நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டிய குன்று
வலப்பக்கம் வந்ததும்
குவாரிக்காரன் வெட்டியதுபோல் நின்றது.
2.59இல் நெரிசல்,
திருவிழா பஸ்ஸின் படிக்கட்டு மாதிரி.
2.61இல் ஒருவரும் இல்லை.
ரப்பருக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

வடிகட்டினேன்.
பகல் ஷிப்ட் போனது. இரண்டாம் லைன் போனது.
மிஞ்சியது ஓர் எண்: 0417.

0417க்கு ஒரு முகம் இருந்தது.
நாகமல்லேஸ்வரி, சூலூர்பேட்டை.
இரவு இரண்டு மணிக்குப் போய் அருகில் நின்றேன்.
ஒரு வளையத்தை கேஜில் வைத்தாள்.
முள் 2.61க்குப் போனது.
என்னைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே ஐந்தையும் ஒன்பதையும் அழுத்தினாள்,
பூக்காரி முழம் போடும் லாவகத்தில்.

நிஜத்தைப் போட்டால் சிவப்பு லைட்டு, லைன் நிற்கும்,
கண் தெரியலையா என்பார் சூப்பர்வைசர்,
ஷிப்ட் முடிந்ததும் பெட்டி முழுக்க மறுபடி அளக்கணும்.
"ஆறு பத்துக்கு பஸ்ஸு வெள்ளிப்போதுந்தண்டி."
அடுத்தது ஏழு இருபதுக்கு.
பையனின் ஸ்கூல் ஆட்டோ ஏழேகாலுக்கு.

அறிக்கையில் மூலகாரணம் என்ற கட்டம்.
மனிதத் தவறு என்று தட்டினேன்.
அழித்தேன்.
கம்பெனி பஸ் 6:10க்குக் கிளம்புகிறது
என்று தட்டினேன்.

கூட்டத்தில் சிரித்தார்கள்.
பஸ்ஸுக்கும் தடிமனுக்கும் என்னம்மா சம்பந்தம்?
பத்ரிநாத் சார் பட்டைகளின் நிறத்தை மாற்றச் சொன்னார்.
சிவப்பு, வாடிக்கையாளர் கண்ணை உறுத்துமாம்.
நீலமாக்கினேன்.

அன்றிரவு பருப்பு வைத்தேன்.
மூடி சரியாக உட்காரவில்லை,
முதல் விசிலுக்கு முன்பே ஓரத்தில் ஆவி.
எங்கள் வளையம்தான், ஊழியர் விலையில் வாங்கியது.
கரித்துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நீ எத்தனை என்று அதைக் கேட்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை,
தரவை இறக்கினேன்.
நீலப் பட்டைகளின் செங்குத்துக்கு அப்பால்
மயிரிழை போல ஒரு கோடு.
2.61. அதிகாலை 4:52. 0417.

பஸ் நேரம் மாறியிருக்கவில்லை.
யாரும் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.
கேட் பதிவைத் திறந்தேன்,
அதைப் பார்ப்பது என் வேலை இல்லை.

0417.
வெளியே சென்ற நேரம் 7:14.