புளித்த வயிறு

மல்லாவிச் சந்தைக்குப் பின்னால்
கொய்யா மரத்துக்கும் கழிவு வாய்க்காலுக்கும் நடுவில்
கழுத்தளவு புதைந்து கிடக்கிறாய்.
சிமெந்துத் தொப்பி, ஒரு வாய், ஒரு குழாய்.
திறப்பு விழாவில் உனக்கும் மாலை விழுந்தது.
அன்றைக்கு எரிந்த நீலச்சுடர்
மறைவில் வைத்த சிலிண்டருடையது என்று
நித்தியகலா என் காதில் மட்டும் சொன்னாள்.

பிறகு நீயே எரித்தாய். சாணி தின்று,
நாளுக்கு ஒன்றேகால் மணித்தியாலம்.
போதவில்லை சபைக்கு.

ஆனியில் மாம்பழம் மலிந்தது.
விலைப்படாததை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிவந்து
பப்பாளியோடும் பழஞ்சோற்றோடும்
உன் வாயில் கவிழ்த்தார்கள்.
கூடப் போட்டால் கூட வரும் என்றார்
மேற்பார்வையாளர் செபமாலைநாதன்.
கலியாண வீட்டில் வாழைப்பழம் தின்ற பிள்ளை மாதிரி
வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் விழுங்கினாய்.

ஐந்தாம் நாள் சுடர் நடுங்கியது.
எட்டாம் நாள், கொண்டுபோன தீக்குச்சியையே
ஊதி அணைத்தாய்.
சந்தை முழுக்க உன் புளித்த ஏப்பம்.
கருவாட்டுக்காரர்கூட மூக்கைப் பொத்தினார்,
அதை என்னவென்று சொல்ல!

இருபத்தெட்டுப் பேருக்குச் சோறு வடிக்கிறவள் நான்.
விறகுக்குப் போகலாம்தான்.
காட்டோரத்துச் சிவப்புப் பலகைகளைப்
பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்;
என் கால் இன்னும் நம்பவில்லை.

செவ்வரத்தம்பூவைக் கசக்கிக்
கொப்பித்தாளில் தேய்த்து உலர்த்தினேன்.
உன் கூழில் ஒரு துளி.
ஊதாத் தாள் பளீரென்று சிவந்தது.

என் பிள்ளைக்கென்றால் என்ன செய்வேன்?
பட்டினி போட்டேன்.
பதினொரு நாள் ஒரு தோல், ஒரு கொட்டை போகவில்லை.
வெற்றிலைக்காரி மரகதத்திடம் கடனுக்குச் சுண்ணாம்பு வாங்கிக்
கரைத்துக் கரைத்து, சிரட்டையால் அளந்து ஊற்றினேன்.
தாள் மெல்ல மெல்ல ஊதாவுக்குத் திரும்பியது.

அப்புறம் இறைச்சிக்கடை உவைஸ்.
"மாட்டின்ட இரைப்பைக்குள்ள கிடக்கிற பச்சைக் கூழ் வேணும்."
"அதுக்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது அக்கா.
சூடு ஆறமுன்னம் ஓடுங்க."
இரண்டு வாளி.
வாழ்நாளெல்லாம் வைக்கலைச் செரித்துப் பழகிய
கண்ணுக்குத் தெரியாத சனம்
உனக்குள் இறங்கியது.
கொப்பியில் அந்தத் தேதிக்கு எதிரே
மீள்குடியேற்றம் என்று எழுதினேன்.
படிவம் இல்லை, தகரம் இல்லை,
பதிவுக்கு வரிசையும் இல்லை.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் நாள், குழாயில் மாட்டிய
பழைய ட்ரக்டர் ரியூப்
நித்திரையில் மூச்சு விடுவதுபோல
கொஞ்சமாய்ப் புடைத்தது.

இப்போது உன் பத்தியம் எனக்கு மனப்பாடம்.
பழம் ஒரு வாளிக்குச் சாணி இரண்டு.
வைக்கல் என்றால் விரற்கடை நீளம் நறுக்கி
மூன்று நாள் ஊறவேணும்.
காலையும் மாலையும் மூங்கிலால் கிளறாவிட்டால்
மேலே ஆடை கட்டி மூச்சு முட்டும் உனக்கு.

கூழ்முட்டை நாற்றம் மட்டும் விடவில்லை.
என் வெள்ளி மெட்டி கறுத்தது.
லேத் கடைக் குகநேசன் துருப்பிடித்த இரும்பு சீவிக்
குழாய்த் துண்டுக்குள் அடைத்துத் தந்தான்:
வாயு இதுக்குள்ளால வரட்டும்.
எங்கே பொறுக்கின இரும்பு என்று கேட்டேன்.
அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
நான் திரும்பக் கேட்கவில்லை.
நாற்றம் போய்விட்டது.

நேற்று மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிடம்.
சோறும் பருப்பும் இறக்கி,
தேத்தண்ணிக்கும் மிச்சம் இருந்தது.

மணத்தைக் கேட்டோ என்னவோ
இன்றைக்கு லாண்ட்மாஸ்டர் திரும்ப வந்தது,
முட்ட முட்டப் பூசணி, அரைவாசி அழுகல்.
செபமாலைநாதன் முன்னால் இருந்து கை காட்டினார்.
வாளியைத் தூக்கிக் காட்டினேன்: ஒன்று.
மிச்சத்தை அங்கால நிழலில் கொட்டுங்கோ.

அவர் இறங்கி வருமுன்
உன் மூடியைச் சாத்தி
அதன்மேல் ஏறி இருந்துகொண்டேன்.
கீழே
நீ எதையோ மெல்லக்
கொதித்துக்கொண்டிருந்தாய்.