சூட்டில் போன எடை

இரவு இரண்டு மணி. பீச்வில், ஒன்டாரியோ.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே, ரொட்டிப் பெட்டி அளவு உலையில், ஆயிரம்.
நடுவில் இரண்டு ஸ்வெட்டரோடு நான்.
ஒரு கிராம் கல்லைப் பொடித்துக்
கிண்ணத்தில் வைத்துக் கதவைச் சாத்துகிறேன்.

ஒரு மணி நேரம் ஆகும்.
பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.
கொதிக்காது. உருகாது. புகையாது.
வெள்ளையாய்ப் போனது வெள்ளையாகவே வரும்.
செப்புக் கார்பனேட் என்றால் பச்சை கறுத்து
நடந்ததை ஊருக்கே சொல்லிவிடும்.
இது அந்த ரகமில்லை,
அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு
கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவர்களின் ரகம்.

தராசு மட்டும் காட்டிக்கொடுக்கும்:
புள்ளி ஐந்து ஆறு பூஜ்யம் ஏழு.

மிஞ்சியதை யாரும் கேட்பதில்லை.
போனதைத்தான் எழுதவேண்டும்.
சூட்டில் போன எடை, விழுக்காட்டில்:
நாற்பத்து மூன்று புள்ளி ஒன்பது மூன்று.
குறைவாக இழந்தால் மணல் கலந்த கல்.
கூடுதலாக இழந்தால் உள்ளே மெக்னீசியம்;
அது பாதிச் சூட்டிலேயே கையை விரித்துவிடும்.
பேரியம் ஆயிரத்துக்கெல்லாம் மசியாது.
பொட்டாசியமோ உருகி ஓடினாலும் ஓடும்,
பிடித்த பிடியை விடாது.
இழந்ததை வைத்து இன்ன கல் என்று சொல்வது
என் சம்பளம்.

கண்ணுக்குத் தெரியாமல் போன அந்த வாயுவுக்கும்
இங்கே கணக்குண்டு, டன்னுக்கு இவ்வளவு என்று.
எனக்கு ஆட்சேபணை இல்லை.
கடலடியில் நத்தையும் சிப்பியும்
கோடி வருஷமாய்ப் பூட்டிவைத்ததை
ஒரு ஷிப்டில் திறந்துவிடுகிறோம்.
பில் வராமல் இருக்குமா?

காளவாயைப் பார்ப்பவர் ஹென்க் டைக்ஸ்ட்ரா.
சுண்ணாம்பை நாங்கள் வெற்றிலையில் தடவித் தின்போம் என்று
ஒருநாள் சொல்லிவிட்டேன்.
"வாய் வெந்துபோகாதா?"
"அளவு தெரியாவிட்டால் வேகும்."
அன்றிலிருந்து என் டிபன் டப்பாவை
ஒரு மாதிரியாகவே பார்க்கிறார்.

வெள்ளிக்கிழமை ஒரு கட்டியைக் கொண்டுவந்து
வாளித் தண்ணீரில் போட்டார்.
நல்ல சுண்ணாம்பு சீறும், வெடிக்கும், ஆவி கக்கும்.
இது கூழாங்கல் மாதிரிக் கிடந்தது.
"அதிகம் சுட்டுவிட்டோம்," என்றார்.
அளவு மீறிச் சுட்டால் துவாரமெல்லாம் அடைத்து
இறுகிப்போகும்,
தண்ணீருக்குக்கூட வாய் திறக்காது.
அவர் பையில் போன் அடித்தது.
எட்மண்டனில் இருக்கிற மகள் என்று நினைக்கிறேன்,
அந்த மணி அடித்தால் மட்டும் திரையைப் பார்க்கமாட்டார்.
நின்றது. மறுபடி அடித்தது.
நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் இருக்கும்.
அடியிலிருந்து ஒரே ஒரு குமிழி.
ஹென்க் கையுறையைக் கழற்றி
வாளியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார்.
எடுக்கவில்லை வெகுநேரம்.

மறுநாளிலிருந்து குடும்ப நாள் விடுமுறை, மூன்று நாள்.
அவசரத்தில் ஒரு கிண்ணத்தை
மூடாமல் மேசையிலேயே விட்டுப் போயிருந்தேன்.
செவ்வாய்க்கிழமை தராசில் வைத்தால்
புள்ளி ஏழு ஒன்று.

பூட்டிய அறை. யாரும் வரவில்லை.
குழாயடி ஈரம் கொஞ்சம்,
நாங்கள் விட்டுப்போன மூச்சு கொஞ்சம்,
தூள் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது.
அவகாசம் கொடுத்தால் முழுக் கல்லாகவே ஆகிவிடும் போல.

விதிப்படி திரும்பவும் சுட்டேன்.
விதிப்படி எல்லாம் போனது.
திரும்பி வந்த எடை என்று
படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்,
யாராவது கேட்டால் காட்ட.