கொட்டாவி

எங்கள் எல் ஆல்ட்டோ விமான நிலையம்
கடலைவிட நாலாயிரம் மீட்டர் மேலே.
அங்கே கிளம்பும் விமானம்
வெளியே ஏறும், உள்ளே இறங்கும்.
கீழ்நாட்டுக் காற்றை உள்ளே அடைத்துத் திணிப்பார்களாம்,
பணிப்பெண் தாரிஸ்லா சொன்னாள்.
சக்கரம் தரையை விட்ட கொஞ்ச நேரத்தில்
என் மகன் லிம்பர்
இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்:
"அப்பா, யாரோ உள்ளே விரல் விடறாங்க."

நான் மினிபஸ் ஓட்டுகிறவன்.
லா செஹாவிலிருந்து நகரத்துக்கு
நாளைக்கு ஏழெட்டு நடை
மலை இறங்கி மலை ஏறுகிறவன்.
வளைவுகளில் ஜனங்கள் எச்சில் விழுங்குவதைக்
கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.
ஏதோ கவலை என்று நினைத்தேன்.
அது காதுக்கான வேலை என்பது
முப்பத்தெட்டு வயதில்தான் தெரிகிறது.

மருந்துக்கடைக்காரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.
இறங்கும்போது தூங்க விடாதே,
தூங்கும் பிள்ளை சரியாக விழுங்காது.
சப்ப ஏதாவது கொடு. உறிஞ்ச ஏதாவது கொடு.
சட்டைப்பையில் இரண்டு குச்சிமிட்டாய்,
மடியில் உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர்,
எட்டு மாதமாகப் பார்க்காத அம்மாவிடம் போகிறான் என்பதால்
புதுச் சட்டை.

முதல் மிட்டாய் வேலை செய்தது.

சாந்தா க்ரூஸ் நெருங்க நெருங்க
பச்சை மேலே வந்தது, ஆறுகள் மேலே வந்தன,
அழுகையும் வந்தது.
இரண்டாவது மிட்டாயை இருக்கைக்கு அடியில் எறிந்தான்.
தண்ணீரைத் தட்டிவிட்டான், என் மடி நனைந்தது.
"மிட்டாய் வேணாம். தண்ணி வேணாம்.
என் பழைய காது வேணும்."

முன்வரிசை ஆள் திரும்பிப் பார்த்தார்.
பார்க்கட்டும்.
நாலு வயசுப் பிள்ளையின் காதுக்குள்
ஒரு மலை முழுக்க இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஜன்னலோரம் ஒரு மென்னோனைட் விவசாயி,
முட்டிமேல் வைக்கோல் தொப்பி,
கையெல்லாம் பாலாடைக்கட்டி வாசனை.
தொப்பியின் உள்பட்டையில் மையால்
ஹைன்ரிஹ் லெட்கெமான் என்று எழுதியிருந்தது.
கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர்
இப்போது மெல்லத் திரும்பி, லிம்பரின் முகத்துக்கு நேராக
ஒரு கொட்டாவி விட்டார்.

சாதாரணக் கொட்டாவியில்லை.
தாடை கழன்றுவிடும்போல,
கடைவாயின் தங்கப் பல்வரை தெரிய,
கண்ணில் நீர் முட்ட,
களைத்த காளையைப்போல.

லிம்பர் அழுகையைப் பாதியில் நிறுத்திப் பார்த்தான்.
அவர் இன்னொன்று விட்டார்.
பிள்ளையின் உதடு நடுங்கியது, விரிந்தது,
அவனைக் கேட்காமலே வாய் திறந்துகொண்டது.

"டப்னு சொல்லுச்சு!"
என்று என் தொடையில் அடித்தான்.

பிறகு அது யார் கட்டுப்பாட்டிலும் இல்லை.
பாவாடை அகலத்தில் இரண்டு இருக்கை நிறைத்த அம்மாள் விட்டாள்.
திரும்பிப் பார்த்த ஆளும் விட்டார்.
மடக்கு இருக்கையில் பட்டை கட்டி அமர்ந்திருந்த தாரிஸ்லா
கௌரவமாகக் கைக்குட்டையை எடுத்து
அதற்குப் பின்னால் விட்டாள்.

நான் மட்டும் விடவில்லை.
பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு
என் பல்லைக் கடித்தபடி இருந்திருக்கிறேன்.

வெளியே, ஈரத்துணி போட்டு மூடியதுபோல் வெயில்.
செனோபியா ஓடி வந்தாள்.
பிள்ளையை அள்ளிக்கொண்டு, என் தோளைப் பிடித்து,
நீளமாக ஏதோ சொன்னாள்.
எனக்குக் கிணற்றடியில் யாரோ
பாத்திரம் உருட்டுவதுபோல் கேட்டது.
உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன.
கண்கள் பதிலுக்குக் காத்திருந்தன.

தலையாட்டினேன்.

அவள் அழுதாள், பிறகு சிரித்தாள்.
எதற்குச் சம்மதித்தேனோ.
எட்டு மாதச் சண்டையில் எந்தக் கேள்வியோ அது.

டாக்ஸி வரிசையில் குனிந்து
லிம்பரிடம் ரகசியமாகக் கேட்டேன்,
அம்மா என்னடா சொன்னா?
நான் கத்தியிருக்க வேண்டும்,
நாலு பேர் திரும்பினார்கள்.
அவன் என் முகத்தை இரு கையால் பிடித்துக்கொண்டு
பொறுமையாக, பெரிய மனுஷன்போல,
வாயை அகலத் திறந்து காட்டினான்.

எனக்கு வரவில்லை.
அவன் மறுபடியும் திறந்தான்.