இடப்பக்கம்

அப்பாவின் இடது காதுக்கு
பிரெஞ்சு சர்க்கார் தனியாகப் பணம் தருகிறது.
முப்பத்தைந்து சதவீதம் என்று
துலோன் ராணுவ ஆஸ்பத்திரியில் அளந்து
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
பீரங்கிக்கு அந்தக் காதைக் காட்டிப்
பதினைந்து வருஷம் நின்றவர்.
அதில் இரண்டு வருஷம் சாட் நாட்டு மணலில்.
பாண்டிச்சேரிச் சொந்தங்களுக்கு அவர் சொல்தா அமலோர்.
இங்கே த்ராகினியான் ரொட்டிக்கடையில்
முஸ்யே அமலோர், கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு நாற்காலிகளுக்கு
இடம் வலம் உண்டு.
அவர் கேட்க வேண்டியதற்கு வலம்:
கரண்டு பில், என் கணக்கு மார்க்கு,
ஊரில் யார் செத்தார்கள்.
கேட்கக் கூடாததற்கு இடம்.
பெர்னார் சிகரெட் பிடிப்பதை
அங்கே உட்கார்ந்துதான் சொன்னேன்,
சாதாரணக் குரலில்.
அவர் வெண்ணெய் கேட்டார்.

சதவீதத்தை ஆரம்பத்தில் அடிக்கடி சரிபார்த்தார்கள்.
கண்ணாடி அறையில் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்பார்கள்.
வெளியே நின்று பார்ப்போம்.
காவலுக்கு நிற்கிறவர் முகம், பொத்தான்மேல் கட்டைவிரல்.
ஒருமுறை அந்த விரல் அழுத்தப் போய்
அழுத்தாமல் நின்றது.
நான் பார்த்தேன். அம்மா கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அம்மா எப்போதும் இடப்பக்கம்.
மேசையில், கோயில் பெஞ்சில், கட்டிலில்.
காரில்தான் சிக்கல்:
இந்த நாட்டில் முன் இருக்கை
ஓட்டுகிறவரின் நல்ல காதோரம்.
பெர்னாருக்குக் குமட்டும், அவன் முன்னால உக்காரட்டும் என்று
பின்னால் ஏறிக்கொள்வாள்,
அவர் முதுகுக்கு நேரே, ஜன்னலோரம். நான் பக்கத்தில்.

அங்கிருந்து பேசுவாள்.
சண்டை இல்லை, அழுகை இல்லை.
அரிசி தீர்ந்ததைச் சொல்லும் அதே குரல்.
"தந்தி கெடச்சுதா இல்லையா, அதையாவது சொல்லியிருக்கலாம்."
"பெட்டி இவ்ளோதான் இருந்துச்சு. நானே தூக்கிட்டுப் போனேன்."
வெளியே திராட்சைத் தோட்டங்கள் ஓடும்.
அப்பா கியர் மாற்றுவார்.

வருஷத்துக்கு ஒரு தடவை, மிமோசா பூத்து ஓய்ந்ததும்,
"இன்னிக்கு அவனுக்கு ஏழு."
அடுத்த வருஷம் எட்டு.
யார் என்று பெர்னாரிடம் கேட்டேன்.
உனக்கு முன்னால ஒருத்தன், என்றான்.
அதற்குமேல் அவனுக்கும் தெரியாது.
பன்னிரண்டு. பத்தொன்பது.
நான் கல்யாணமாகி லியோனுக்குப் போன வருஷம்
அவனுக்கு இருபத்தெட்டு.

போன அக்டோபரில் அம்மா போய்விட்டாள்.
பழைய படைவீரர் சங்கத்திலிருந்து
மூன்று கிழவர்கள் பதக்கத்தோடு வந்து
யாருக்கு வணக்கம் வைப்பதென்று தெரியாமல்
அப்பாவுக்கு வைத்தார்கள்.

பிறகு காதுக்கருவி வந்தது, மொச்சைக்கொட்டை அளவு.
மாட்டிக்கொண்டு வீடெல்லாம் நடந்தார்.
ஃபிரிட்ஜ் இப்படியா உறுமும் என்றார்.
மழைக்கு இவ்வளவு சத்தம் எதற்கு என்றார்.
பிறகு இடப்பக்க நாற்காலியைப் பார்த்து,
"உங்கம்மா இங்க உக்காந்து என்னதான் சொல்லிட்டிருந்தா?"

ரொட்டி அறுப்பதை நான் நிறுத்தவில்லை.
"கறிகாய் விலை" என்றேன்.
கருவியைக் கழற்றி
மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடினார்.

மார்ச்சில் மறுபடி வந்தேன்.
காலையில் வலப்பக்க நாற்காலி காலியாய் இருந்தும்
அம்மாவுடையதில் உட்கார்ந்தேன்.
யாராவது சொல்ல வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.
"இன்னிக்கு அவனுக்கு நாற்பத்தொன்பது."

கருவி கூட்டுக்குள்தான் கிடந்தது.
அவர் வெண்ணெயை
ரொட்டியின் ஓரம்வரை, மூலைவரை இழுத்துத் தடவினார்.
"அம்பது" என்றார்.
"நேத்தே ஆயிடுச்சு."
வெண்ணெய்த் தட்டை என் பக்கம் தள்ளினார்.